அஞ்சு வார்த்தை

கெங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அந்தக் குடோனில் ஷாலு ஒருத்திக்குத்தான் தெரியும். ஷாலுவும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் காலை கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி வேறு நடைமேடைக்கு வருவதாகப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். கெங்கம்மா அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வழக்கமான தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாலு ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். ரயிலில் ஏறி மூச்சு வாங்கிய பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

குடோன், மீஞ்சூருக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. அத்திப்பட்டில் இறங்கினால் கம்பெனி வேன் நிற்கும். சோப்பு, எண்ணெய், நூடுல்ஸ், குழந்தைகளுக்கான சத்துமாவு எல்லாம் அட்டைப்பெட்டிகளாக லாரியில் வந்து இறங்கி, ரேக்குகளில் ஏறி, பிறகு கடைகடையாகப் பிரிந்து போகும். பெட்டி எடுக்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்கேனர். பிடியும் விசையுமாகத் துப்பாக்கி போல இருப்பதால் எல்லாரும் அதைக் கன் என்றுதான் சொல்வார்கள்.

கெங்கம்மாவின் கன் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆறு வருஷமாக சி வரிசை அவளுடையது. நாற்பத்து மூன்று வயதில், இருபது வயதுப் பிள்ளைகளைவிட ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது பெட்டி கூடுதலாக எடுப்பாள். எண்கள் அவளுக்குத் தெரியும். பஸ் நம்பரும் கடிகாரமும் தெரியாமல் புளியந்தோப்பில் எப்படிப் பிழைக்க முடியும்? எந்த ரேக், எந்தத் தட்டு என்பதைக் கன்னின் சின்னத் திரை எண்ணாகத்தான் காட்டும். ஒரு தடவை கூவினால் சரி. இரண்டு தடவை கூவினால் தப்பு, இடது ஓரத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். பெட்டியில் கோளாறு இருந்தால் நாலு வரி வரும். ஒன்றை அமுக்கினால் உடைந்தது, இரண்டு நனைந்தது, மூன்று தேதி முடிந்தது, நாலு எண்ணிக்கை குறைவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதையெல்லாம் விரல்கள் மனப்பாடம் செய்துவிட்டன.

திரையில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். வேலை செய்கிற அறுபது பேரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்கூட இல்லை. மற்றவர்களும் அவளைப் போலத்தான், இடம் பார்த்து, நிறம் பார்த்து, சத்தம் கேட்டு வேலை செய்தார்கள். யாருமே படிக்காத இடத்தில், படிக்கத் தெரியாத ஒருத்தியை யாரால் தனியாகக் கண்டுபிடிக்க முடியும்? சேரும்போது லேபர் கான்ட்ராக்டரின் ஆள் அவள் விண்ணப்பத்தில் எட்டாம் வகுப்பு என்று தானே எழுதிக்கொண்டு, "கையெழுத்து மட்டும் போடு" என்றிருந்தான். பெயரை மட்டும் கோலம் போடுவதுபோல் வரைந்து பழகியிருந்தாள். போட்டாள்.

வீட்டிலும் ஒரு பொய் இருந்தது. மகள் மதி பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை, "கம்பெனில எங்களுக்கு கிளாஸ் எடுக்குறாங்கடி, நா இப்ப எய்த்துக் கூட்டிப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மதியின் முகம் அப்படி மலர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. இப்போது மதி பி.காம் இரண்டாம் வருஷம். எங்கம்மா வேலை பார்த்துக்கொண்டே படித்தவள் என்று கல்லூரியில் தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

தீபாவளிக் கூட்டம் முடிந்த பிறகு மகிமா வந்தாள். கன்னுக்குள் இருக்கிற திரையைப் புதிதாக வடிவமைக்கிற கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பதை எட்டாத பெண். அப்பாவுக்குக் கல்மண்டபத்தில் மொத்த மளிகை வியாபாரம், பூர்வீகம் நெல்லைப் பக்கம். ஏசி அறையில் உட்காராமல் மூன்று நாள் பெட்டி எடுப்பவர்களின் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு நடந்தாள். கெங்கம்மாவின் பின்னால் ஒரு முழு நாள்.

"அக்கா, ஸ்க்ரீனைப் பார்க்கவே மாட்டேங்கிறீங்களே!" என்று வியந்தாள்.

"பாத்துகினு நின்னா பொட்டி யாரும்மா எடுக்கறது?"

மகிமா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, என்ன மாற்றினால் உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. சூப்பர்வைசர் டில்லிபாபு, "கேக்குறாங்க இல்ல, சொல்லுங்கப்பா" என்றார்.

கெங்கம்மாதான் எழுந்தாள். "தமிழ்ல போடும்மா. இன்னா கண்றாவி எய்தி கீதுன்னே தெரியாம அமுக்கிகினு கீறோம். தமிழ்ல கீதுன்னா நாங்களே படிச்சிக்குவோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். மகிமா அந்த வரியை எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். கெங்கம்மா உட்கார்ந்தபோது ஷாலு அவளைப் பார்த்தாள். கெங்கம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். முதலில் கேட்கிறவள்மேல் சந்தேகம் வராது என்று நினைத்திருந்தாள். எத்தனையோ பேர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேன்டீன் மின்விசிறியைக்கூட இதுவரை யாரும் மாற்றியதில்லை. இது மட்டும் நடந்துவிடவா போகிறது?

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால், புதுக் கன்கள் மேஜைமேல் வரிசையாக இருந்தன.

பெரிய செல்போன் அளவுக்குத் திரை. வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து, எல்லாம் தமிழ். பொத்தான்கள் போய்விட்டன; திரையையே தொட வேண்டும். ஆளாளுக்குக் கூவுகிற சத்தம் தலைவலி என்று பலர் தனியாகச் சொன்னதால் சத்தத்தை எடுத்துவிட்டு, கைக்குள் அதிர்கிற மாதிரி செய்திருந்தார்கள். எந்தக் கோளாறுக்கு எந்த எண் என்று புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதை மகிமா பார்த்திருந்தாள். அதனால் எண்களுக்குப் பதிலாக வார்த்தைகள். தெரியாமல் உள்ளே போனவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வழி வேண்டும் என்று 'சரியாக உள்ளது' என்று ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்திருந்தாள். எது அடிக்கடி வருகிறதோ அது தானாக மேலே ஏறிக்கொள்ளும்.

நல்ல மனசோடு யோசித்துச் செய்த வேலை. அன்று காலை அந்தக் குடோனே பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. "உ-டை-ந்-த-து" என்று ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். நாற்பது வயது ஆண்பிள்ளை ஒருவன், "நம்ம பேரு கூட தமிழ்ல வருதுப்பா" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். மகிமா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

கெங்கம்மா சி வரிசையின் கடைசிக்குப் போய், ரேக்கின் பக்கம் திரும்பி நின்றாள். திரையில் வரிவரியாக ஏதோ இருந்தது. ரேக் எண் மட்டும் புரிந்தது. மீதியெல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஆறு வருஷமாக அவளோடு பேசிக்கொண்டிருந்த சாமான் வாயை மூடிக்கொண்டுவிட்டது.

அந்த வாரம் அவள் எடுத்த பெட்டிகள் பாதியாகக் குறைந்தன. அடுத்த வாரம் அதிலும் குறைந்தன. டில்லிபாபு நல்ல மனிதர்தான். "இன்னா கெங்கம்மா, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். "கண்ணு சார். எய்த்து மங்கலா கீது" என்றாள்.

அது மகிமாவின் காதுக்குப் போனது. அடுத்த சனிக்கிழமையே கண் டாக்டர் ஒருவரைக் குடோனுக்கு வரவழைத்துவிட்டாள். ஆளுக்கொரு அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கெங்கம்மா அட்டையைப் பார்த்து, கலங்கலாக இருக்கிறது என்றாள். கண்ணாடிச் சில்லை மாற்றினார்கள். இன்னும் கலங்கல்தான் என்றாள். மறுபடியும் மாற்றினார்கள். பின்னால் வரிசை நீண்டது. டாக்டரின் உதவியாளர் சலித்துக்கொள்வது தெரிந்ததும் பயந்துபோய், "ஆங், இது சரியா கீது" என்றாள். அட்டையை வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு வரிகூடப் படித்துக் காட்டச் சொல்லவில்லை.

கண்ணாடி வந்தது. அதைப் போட்டால் தரை மேலெழும்பி வருவதுபோல் இருந்தது. சாயங்காலமானால் தலை பிளந்தது. எழுத்துகள் மட்டும் முன்னைவிடப் பெரிதாக, கன்னங்கரேலென்று, ஒவ்வொரு சுழியும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இப்போ பரவாயில்லையா அக்கா?" என்று மகிமா கேட்டாள். சுற்றிலும் யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். பின்னால் பல நாள் கெங்கம்மா இந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் திட்டியிருக்க மாட்டாள். ஆனால் வாயில் வந்தது, "நல்லா கீதும்மா. நீ மவராசியா இருக்கணும்" என்பதுதான்.

ஷாலுவால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவளுக்கு ஒன்றரை வயதில் குழந்தை உண்டு. இரவு ஷிஃப்ட் வராமல் பகலிலேயே அவளை வைத்துக்கொள்ளச் சொல்லி டில்லிபாபுவிடம் மன்றாடியவள் கெங்கம்மா. "அக்கா, உன் கன்ன எங்கிட்ட குடு. என்னுத நீ வச்சிக்க. உன் பேர்ல நா எடுக்கிறேன், நம்பர் ஏறிக்கும்" என்றாள் ஷாலு. "நீ சும்மா ஸ்கேன் பண்ணிகினே வா. கோளாறு பொட்டி வந்தா என்ன கூப்புடு."

பத்து நாள் அப்படி ஓடியது. கெங்கம்மாவின் பெயருக்கு நேரே எண்ணிக்கை ஏறியது; ஷாலுவுடையது இறங்கியது, குழந்தையால் தூக்கமில்லை என்று அவள் சமாளித்தாள். டில்லிபாபு, "கண்ணாடி வேல செய்யுது பாரு" என்று சிரித்தார்.

பதினோராவது நாள் சத்துமாவுப் பெட்டிகள் அடுக்கிய ஒரு பலகை அவள் முன்னால் வந்தது. பெட்டியில் அச்சடித்த தேதியைப் படித்தாள். எண்தானே. போன மாதமே முடிந்திருந்தது. ஷாலு எங்கே என்று பார்த்தாள். வரிசையின் அந்தக் கோடியில் ஏணிமேல் இருந்தாள். பின்னால் தள்ளுவண்டியோடு நின்றவன் அவசரப்படுத்தினான். இதற்கு எதற்குக் கூப்பிடுவது, ஆறு வருஷமாகச் செய்ததுதானே என்று கெங்கம்மா திரையில் மூன்றாவது வரியைத் தொட்டாள்.

அன்று மூன்றாவது வரியில் இருந்தது 'சரியாக உள்ளது.'

பலகை லாரி ஏறியது. ராயபுரத்தில் ஒரு கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். நல்லவேளையாக ஒரு டப்பாகூட விற்றிருக்கவில்லை. ஆனால் குழந்தைகள் சாப்பிடுகிற பொருள். மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. யார் கையில் இருந்த கன் என்று பார்த்தார்கள். ஷாலுவின் பெயர் வந்தது.

காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம், அறுபது பேரும் வரிசையில் நின்றார்கள். டில்லிபாபு ஷாலுவை முன்னால் கூப்பிட்டார். "கொயந்தைங்க துன்ற மாவு. நீயும் ஒரு கொயந்த வச்சிகினு கீற. எப்புடி ஷாலு சரின்னு போட்ட?"

ஷாலு தலை குனிந்து நின்றாள். அவள் சொல்லப் போவதில்லை என்பது கெங்கம்மாவுக்குத் தெரிந்தது. கழுத்துப்பட்டையில் தொங்கும் அடையாள அட்டையை அவள் கழற்றத் தொடங்கியபோது கெங்கம்மா பின்வரிசையிலிருந்து முன்னே வந்தாள்.

"அத்த பண்ணது நானு சார்."

"கம்முனு இரு கெங்கம்மா. தோஸ்துக்காகப் பேசுற நேரமில்ல இது."

"இல்ல சார். அன்னிக்கு அவ கன்னு என் கைல இருந்துச்சு. தேதி முடிஞ்சி போச்சின்னு பாத்துட்டுத்தான் மூணாவத தொட்டேன்."

"மூணாவதுல சரியா கீதுன்னு தமிழ்ல தானே எய்தி கீது? படிக்கல?"

"எனுக்குப் படிக்கத் தெரியாது சார்."

டில்லிபாபுவுக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"படிக்கத் தெரியாது. தமிழும் தெரியாது."

"அப்ப இவ்ளோ வருஷம்?"

"இவ்ளோ வருஷம் மூணாவது மூணாவதாவே இருந்துச்சு சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அறுபது பேரும் அவளைப் பார்த்தார்கள். ஷாலு வாய்விட்டு அழுதாள்.

டில்லிபாபு கெங்கம்மாவுக்காகப் பேசிப் பார்த்தார். ஆனால் கான்ட்ராக்டரின் ஆள் வந்து விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினான். எட்டாம் வகுப்பு என்று பொய் சொல்லிச் சேர்ந்திருக்கிறாள் என்றான். அதை எழுதியது யார் என்று கெங்கம்மா கேட்கவில்லை. கீழே இருந்த கையெழுத்து அவளுடையதுதானே. மத்தியானத்துக்குள் அவள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஷாலுவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை நிலைத்தது.

அன்று மதி கல்லூரி விட்டு வந்தபோது அம்மா பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருந்தாள். நடந்ததை எல்லாம் கெங்கம்மா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மதி புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப கிளாஸ் எடுக்குறாங்கன்னு சொன்னது?"

கெங்கம்மா பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"அஞ்சு வார்த்தைம்மா. அஞ்சே அஞ்சு. ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்திருந்தா நா சொல்லிக் குடுத்திருப்பேனே. எங்கிட்ட கூட சொல்லக் கூடாதா?"

"உங்கிட்டதான்டி சொல்ல முடியல."

மதி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும்தான் பேச்சு.

காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் ஆள் எடுத்தார்கள். விடியற்காலையில் போய் உட்கார்ந்தால் ஐஸில் கிடக்கிற இறாலை உரித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் மேஸ்திரி நோட்டை நீட்டி, "கையெய்த்தா, ரேகையா?" என்று கேட்டார். கெங்கம்மா ஒரு கணம் பேனாவைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை நீட்டினாள்.

ஒரு வாரத்தில் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி வெடித்தது. பக்கத்தில் உட்காரும் எல்சி என்கிற பெண், மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னாள். அங்கே யாரும் யாரிடமும் எதுவும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. அது ஒரு நிம்மதிதான். ஆனாலும் ஒரு நாளில் எத்தனையோ தடவை அவள் வலது ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது, விசையை இழுப்பதுபோல. அடக்கினாலும் அடங்கவில்லை.

மாசி முடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகிமா வீட்டுக்கு வந்தாள். ஷாலுதான் அழைத்து வந்திருந்தாள். குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்த களைப்போடு, சுவரில் புத்தர் படத்தின் கீழே போட்ட பாயில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டிருக்கணும் அக்கா. அறுபது பேரும் படிப்பாங்கன்னு நானா முடிவு பண்ணிட்டேன்."

"நீ கேட்டிருந்தா நா சொல்லியிருப்பேனா? மாட்டேன்." கெங்கம்மா தண்ணீர் கொடுத்தாள். "படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது நல்லதும்மா. அன்னிக்கு எல்லாரும் எப்புடி சந்தோசமா இருந்தாங்க. நா பாத்தேன்."

மகிமா பையிலிருந்து ஒரு கன்னை எடுத்தாள். திரையை மறுபடி மாற்றியிருந்தாள். எண்கள் திரும்பி வந்திருந்தன. வரிகள் இடம் மாறவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு படம். தொட்டால் அதன் பெயரைச் சொல்லும் குரல். "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?"

கெங்கம்மா வெடித்த விரல்களால் அதை வாங்கினாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பிறகு, பெட்டி எடுக்கும்போது இருக்குமே, அந்தக் குரல் வந்தது. "நனைஞ்சதுக்கு ஏன் சொட்டுத் தண்ணி போட்ட? எண்ண டப்பா ஒயுகினாலும் சொட்டு தான். கொயம்பிடுவாங்க. பொட்டி நனைஞ்சா அடி உப்பிக்கும், அந்த மாதிரி போடு. இந்தக் கொரலு ரொம்ப இயுக்குது. அது சொல்லி முடிக்கங்காட்டியும் ரெண்டு பொட்டி எடுத்துடலாம். சரின்றத மத்ததோட சேத்து வக்காத, தனியா தூக்கித் தூரமா வையி. கை தப்பினாலும் அங்க போகக் கூடாது."

மகிமா வேகவேகமாக எழுதிக்கொண்டாள். மதி சமையல் மேடையில் சாய்ந்து நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வேலை செய்வதை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

கிளம்பும்போது மகிமா சொன்னாள்: "இதை வச்சு நான் மேல பேசுறேன். உங்களைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லலாம். டில்லிபாபு சாரும் சொல்றேன்னார்."

"வேணாம்மா."

"ஏன்க்கா?"

கெங்கம்மா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, படி இருட்டு, பார்த்து இறங்கு என்றாள்.

அவர்கள் போன பிறகு மதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏம்மா போ மாட்டேன்ற? அங்க உன்ன யாரும் தப்பா நெனைக்கலயாம். ஷாலு அக்கா சொன்னாங்க."

"தப்பா நெனச்சா பரவால்லடி. எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. அங்க நா யாரு தெரியுமா? எம் பின்னாடி ஓடி வர ஒரு ஆம்பளயால முடியாது. அப்புடி இருந்த எடத்துல போயி..." மதி அம்மாவின் கையை எடுத்து, விரல்களில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, புதுத் துணி கட்டத் தொடங்கினாள். இருவரும் அழுதார்கள். எதற்கென்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பங்குனியில் புதுத் திரை எல்லாக் கன்களிலும் ஏறியது. நனைந்ததற்கு அடி உப்பிய பெட்டிதான் படம் என்று ஷாலு வந்து சொன்னாள். எல்லாருக்கும் வேகம் கூடியிருக்கிறதாம். வேறு ஊர்க் குடோன்களிலும் இதையே போடப் போகிறார்களாம். கெங்கம்மா கேட்டுக்கொண்டாள். நல்லது என்றாள்.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையேறி நின்றன, ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். அறுபத்தோரு நாள் வேலை இல்லை. ஷாலு காலையில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் குழந்தையைக் கெங்கம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள். வேன் நேரம், டில்லிபாபுவின் கோபம், கேன்டீன் சாம்பார் என்று எல்லாம் பேசுவார்கள். சி வரிசையில் இப்போது யார் எடுக்கிறார்கள் என்பதைக் கெங்கம்மா கேட்டதில்லை. ஷாலுவும் சொன்னதில்லை.